பழைய ஃபியட் டெயில் லைட் மங்கல், அவசர உதவி தேவை

கரூர்_வண்டி: வணக்கம். அப்பாவின் பழைய ஃபியட் வீட்டில் நிற்கிறது. டெயில் லைட் ரொம்ப மங்கல். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன், அப்போதைக்குப் பளபளவென்று இருந்தது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா? சனிக்கிழமை ராத்திரி தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான். சீக்கிரம் சொல்லுங்கள்.

வயரிங்_வாத்தியார்: மங்கல் என்றால் எது? பகலில் பார்க்கும்போது லென்ஸ் வெளுத்துத் தெரிகிறதா, இல்லை ராத்திரி எரியும்போது வெளிச்சம் குறைவா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது?

பாலிஷ்_பிரியன்: டூத்பேஸ்ட் வேலைக்கு ஆகாது நண்பரே. கடையில் விற்கும் ஹெட்லைட் பாலிஷ் கிட் ஒன்று வாங்குங்கள். முதலில் தின்னர் போட்டு நன்றாகத் துடைத்து அழுக்கை எடுத்துவிட்டு...

சேலம்_பெயிண்ட்கடை: தின்னரா! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் தம்பி. இப்போதைய கார்களின் ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பழைய டெயில் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எது பட்டாலும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் ஓடும். அது வந்துவிட்டால் எந்தப் பாலிஷாலும் போகாது. சோப்புத் தண்ணீர் போதும்.

பழைய_பிஸ்டன்: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதுவும் வெறும் "பழைய ஃபியட்" என்று சொன்னால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது? 1100 டிலைட்டா, பிரசிடென்டா, பத்மினியா? 1974-க்குப் பிறகு வந்தது என்றால் அது பிரீமியர் பத்மினி. ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். லென்ஸ் எது என்று தெரியாமல் வைத்தியம் சொல்பவர்களுக்கும் இது பொருந்தும்.

புதுப்பேட்டை_வாசி: எதற்கு இவ்வளவு? சென்னை புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் லென்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் ஜி.பி. ரோடு. மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கரூர்_வண்டி: மன்னிக்கவும், கல்யாண வேலை. ஆர்.சி.யில் 1973, பிரசிடென்ட் என்று இருக்கிறது. இடது பக்கம் லென்ஸ் வெளுத்து வெள்ளை பூத்த மாதிரி இருக்கிறது, எரிவது ஓகே. வலது பக்கம் லென்ஸ் நன்றாக இருக்கிறது, வெளிச்சம்தான் கம்மி. பிரேக் மிதித்தால் வலது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது, அது பரவாயில்லையா?

வயரிங்_வாத்தியார்: பரவாயில்லையாவா! முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அதுதான். வலது பக்கம் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, போயிருக்கிறது. பல்ப் வழியாக வந்த கரண்ட் பாடிக்கு இறங்க வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்ப் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் பிரேக் மிதித்தால் அதுவும் மினுங்குகிறது, டெயில் லைட்டும் மங்குகிறது. சமீபத்தில் பெயிண்ட் அடித்தீர்களா?

கரூர்_வண்டி: ஆமாம், போன வருடம் டிங்கரிங் பார்த்து முழு பெயிண்ட். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வயரிங்_வாத்தியார்: இந்த வண்டிகளில் பாடிதான் எர்த். பல்ப் ஹோல்டர் தகடு பாடியைத் தொடும் இடத்திலும் பெயிண்ட் ஏறியிருக்கும், அதன் மேலேயே திருகி மூடியிருப்பார்கள். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டிக்கியைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ்விலிருந்து ஒரு நீள ஒயரைக் கொண்டுவந்து ஹோல்டரின் உலோக உடம்பில் வையுங்கள். சட்டென்று பிரகாசமானால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு எரியும்போதே ஹோல்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வெளிச்சம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இழை பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும்.

அப்புறம் பல்பையும் கழற்றிப் பாருங்கள். 21/5 வாட், இரட்டை இழை. 5 வாட் டெயிலுக்கு, 21 பிரேக்குக்கு. அதன் இரண்டு பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது, தப்பாகப் போடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தேய்ந்த ஹோல்டரில் யாராவது பலவந்தமாகத் திருப்பிப் போட்டிருந்தால் இரண்டும் இடம் மாறி எரியும்.

எல்இடி_ஆர்வலர்: இந்தத் தலைவலியே வேண்டாம். இரண்டு பக்கமும் வெள்ளை எல்.இ.டி. பல்ப் போடுங்கள். கரண்டும் மிச்சம், வெளிச்சமும் கண்ணைப் பறிக்கும். நான் எல்லா வண்டியிலும் அதைத்தான் போடுகிறேன்.

வயரிங்_வாத்தியார்: சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் பாதிக்கு மேல் லென்ஸே விழுங்கிவிடும். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு குறைவு. போட்டே ஆக வேண்டும் என்றால் சிவப்பு எல்.இ.டி. போடுங்கள். இண்டிகேட்டரில் மாற்றினால் எல்.இ.டி. இழுக்கும் கொஞ்சக் கரண்டில், அதைச் சிமிட்ட வைக்கும் பழைய ஃபிளாஷர் சூடேறாது, கண் சிமிட்டவே சிமிட்டாது. எர்த் போன ஹோல்டரில் எல்.இ.டி.யும் தகராறு செய்யும், அதையும் யோசியுங்கள்.

பழைய_பிஸ்டன்: 1973 வண்டியில் எல்.இ.டி.! நாளைக்கு இவர் விண்டேஜ் வண்டிகளுக்கான வி.ஏ. வரிசைப் பதிவு எண் வாங்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை அதன் அசல் வடிவத்தில் வைத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்இடி_ஆர்வலர்: 2021 விண்டேஜ் வண்டி விதியை ஒரு தடவை படித்துவிட்டுப் பேசுங்கள் சார். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. பல்பைப் பற்றி யார் கேட்டார்கள்?

பழைய_பிஸ்டன்: "அசல் வடிவம்" என்று அதே விதியில் இருப்பது உங்கள் கண்ணில் படவில்லையா? பல்ப் அசல் வடிவத்தில் சேராதா?

புதுப்பேட்டை_வாசி: அப்படிப் பார்த்தால் டயரும் 1973 டயராகத்தான் இருக்க வேண்டும். காற்று எந்த வருடத்துக் காற்று சார்?

மதுரை_கார்பன்: இருவருக்கும் ஒரு தகவல். வி.ஏ. எண் வாங்கினால் வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் கொண்டுபோக என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கிடையாது. மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கணக்கில் வரும்? புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் வேறு. வழக்கமான பதிவு நடப்பில் இருக்கும்வரை இவர் நிம்மதியாக ஓட்டட்டும், விடுங்கள்.

எல்இடி_ஆர்வலர்: மாப்பிள்ளையைக் கண்காட்சிப் பொருளாகக் காட்டிவிட வேண்டியதுதான்.

சேலம்_பெயிண்ட்கடை: சண்டை முடிந்தால் இடது லென்ஸுக்கு வருவோமா? தம்பி, எதையும் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. லென்ஸைக் கழற்றி, வெளிப்பக்கம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது நல்ல சிவப்பு தெரிந்தால் மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கிறது, பாலிஷில் வந்துவிடும். ஈரத்திலும் பிங்க்காகவே இருந்தால் வெயிலில் சாயமே போய்விட்டது. அதைத் தேய்த்துப் பயனில்லை.

முதல் வகை என்றால் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், 1000, 1500, 2000, முடிந்தால் 3000 வரை போங்கள்; நம்பர் கூடக் கூட நைசாக இருக்கும். பேப்பரை ஊறவைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒரு நம்பரில் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் செங்குத்தாக. முந்தின கீறல் முழுக்கப் போன பிறகுதான் அடுத்த பேப்பர். அவசரப்பட்டு 1000-இலிருந்து ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசைக்குத் தாவினால் லென்ஸ் பகலில் பளபளக்கும், ராத்திரி பல்ப் எரியும்போது வட்ட வட்டமாகக் கோடு தெரியும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட், அப்புறம் மெழுகு. கையாலேயே செய்யுங்கள். டிரில்லில் பஃப் மாட்டி ஒரே இடத்தில் அழுத்தினால் அக்ரிலிக் இளகிவிடும், சுமார் நூறு டிகிரி போதும் அதற்கு.

உள்பக்கம் பேப்பர் படவே கூடாது. வெளிச்சத்தைப் பரப்புகிற வரிகளும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற முகப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. பழைய பல் துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். உள்ளே நிறைய வண்டல் இருந்தால் லென்ஸ் ஓரத்து ரப்பர் பீடிங் இற்றுவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். லென்ஸ் திருகுகளைக் கை அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஐம்பது வருட அக்ரிலிக், ஒரு திருப்பு கூடினால் மூலை பிளந்துவிடும்.

பாலிஷ்_பிரியன்: சிவப்பு லென்ஸ் ஸ்பிரே விற்கிறார்களே அக்கா, பிங்க்காகப் போயிருந்தால் அதை அடிக்கலாமா?

சேலம்_பெயிண்ட்கடை: என் கடையிலேயே இருக்கிறது, ஆனால் இதற்கு விற்க மாட்டேன். திட்டுத் திட்டாக ஏறும், பிரேக் வெளிச்சம் குறையும். பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்பது தெரிய வேண்டாமா?

வயரிங்_வாத்தியார்: கரூர் தம்பி, ஒயர் வைத்துப் பார்த்தீர்களா? ஹோல்டர் உள்ளே தகடு துருப்பிடித்துக் கறுத்திருந்தால் சுத்தம் செய்து வெள்ளை பெயிண்ட் ஒரு கோட் அடியுங்கள், அதுவே வெளிச்சத்தைக் கூட்டும். ஆனால் எர்த் தொடும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு அடியுங்கள்.

மதுரை_கார்பன்: ஆளைக் காணோம். பந்தல் போடப் போயிருப்பார்.

கரூர்_வண்டி: கல்யாணம் முடிந்தது. வலது பக்கம் எர்த்தேதான். மெக்கானிக் பெயிண்டைச் சுரண்டிவிட்டு தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார், இப்போது சூப்பர். இடது லென்ஸ் தண்ணீர் ஊற்றியும் பிங்க், அதனால் புதுப்பேட்டையில் சித்தப்பா பையனை விட்டு வாங்கி மாட்டினோம். எல்லாருக்கும் நன்றி.

பழைய_பிஸ்டன்: பழைய லென்ஸைக் குப்பையில் போடாதீர்கள். அசல் பிரசிடென்ட் லென்ஸ் எந்த நிலையில் இருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. வலது பக்கத்தோடு புதியது நிறம் ஒத்துப்போகிறதா? போட்டோ போடுங்கள்.

புதுப்பேட்டை_வாசி: என்ன விலைக்குக் கொடுத்தார்கள் தம்பி?