துர்கைமின் ஒருமைப்பாட்டுக்குத் திருப்பூரை எடுத்துக்காட்டலாமா?

ஈரோட்டுக் கல்லூரி ஒன்றில் இக்கோடையில் ஆறு வாரச் சமூகவியல் அறிமுகப் பாடம் படிக்கும் நான், நான்காம் வாரக் கட்டுரையில் சிக்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1893இல் முன்வைத்த இருவகை ஒருமைப்பாட்டை உள்ளூர்ச் சான்றுடன் விளக்க வேண்டும். ஒத்த வாழ்க்கையும் நம்பிக்கையும் மக்களைப் பிணைப்பது இயந்திர ஒருமைப்பாடு. வெவ்வேறு வேலை செய்வோர் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதால் பிணைவது உயிர்ம ஒருமைப்பாடு. பின்னதற்குத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை எடுத்துக்கொண்டேன். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனத் தனித்தனி யூனிட்டுகளில் வேலை நடப்பதாலும், சாயப்பட்டறை நின்றால் தையலும் நின்றுவிடுவதாலும் அது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் என் சித்தப்பாவின் யூனிட்டில் நான் பார்த்தவரை, ஜாப் ஒர்க் (மற்ற யூனிட்டுக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) பங்காளி, மாமன் மச்சான் உறவிலும் ஒரே ஊர்ப் பழக்கத்திலுமே கைமாறுகிறது. இது முதல் வகையின் சாயல்.

உறவைப் பற்றிய பகுதியை விட்டு எழுதியபோது, தொழில் அறிக்கை போல இருக்கிறதென்று பேராசிரியர் திருப்பித் தந்தார். சேர்த்து எழுதியபோது வாதம் குழம்புகிறது என்றார். சென்னிமலைக் கைத்தறிக்கு மாறிப் பார்த்தேன். அங்கும் இதே சிக்கல்தான்.

ஒரே தொழிலில் இரண்டு ஒருமைப்பாடுகளும் கலந்திருப்பதாக எழுதினால், அது துர்கைமின் கருத்துக்கு முரணாகுமா?