மறுமொழி: ‘எழுத்துரு ஆளுமை’யா, ‘எழுத்துருத் தொனி’யா?

வணக்கம்.

> டைப்ஃபேஸ் பெர்சனாலிட்டிக்கு ‘எழுத்துரு ஆளுமை’ன்னே வச்சிடலாமே?

ஒரு ஃபான்ட் பாக்கறவங்களுக்குக் கடுமையா, இதமா, எப்படித் தோணுதுங்கறதைத்தான் டைப்ஃபேஸ் பெர்சனாலிட்டின்னு சொல்றாங்க, அதை ‘ஆளுமை’ங்கறதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. முதல்ல, ஃபான்ட் சம்பந்தமான ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடற இந்த இழையில மூணு விஷயம் ஒண்ணாக் கலந்து கெடக்கு. லெஜிபிலிட்டிங்கறது ஒரு எழுத்தை இன்னொண்ணுலேர்ந்து பிரிச்சுப் பாக்க முடியுதாங்கறது, ரகரமும் துணைக்காலும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கற ஃபான்ட்ல ‘தாரா’ன்னு அடிச்சுப் பாருங்க, தகரத்துக்கு அப்புறம் ஒரே வடிவம் மூணு தடவை நிக்கும், சைஸைக் குறைச்சா புள்ளி மங்கிப் போயி க் எது க எதுன்னே தெரியாது, ரெண்டு சுழியா மூணு சுழியான்னு அடைச்சுக்கும். இதுக்கு ‘எழுத்துத் தெளிவு’ போதும். ரீடபிலிட்டி முழுப் பத்தியும் கண்ணு சலிக்காம ஓடுதாங்கறது, வரி நீளம், வரி இடைவெளியெல்லாம் அதுல வரும். ‘வாசிப்பெளிமை’ன்னு ஏற்கனவே இங்க சொன்னது நல்லாவே இருக்கு.

மூணாவதான டைப்ஃபேஸ் பெர்சனாலிட்டிதான் சிக்கல். 2008ல சாங், ஷ்வார்ஸ்னு மிச்சிகன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் ரெண்டு பேரு ஒரே உடற்பயிற்சிக் குறிப்பை சிலருக்கு ஏரியல்ங்கற எளிமையான ஃபான்ட்லயும் சிலருக்கு பிரஷ்ஷால எழுதின மாதிரி ஃபான்ட்லயும் குடுத்து, செஞ்சு முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்னு கேட்டாங்க. ஏரியல்ல படிச்சவங்க சராசரியா 8.2 நிமிஷம்னாங்க, மத்தவங்க 15.1. ஒரு வார்த்தைகூட மாறல! படிக்கறதுல பட்ட சிரமத்தை அந்த வேலையோட சிரமம்னு மனசு எடுத்துக்குது. அப்போ இது ஃபான்ட்டுக்குள்ள உக்காந்திருக்கற குணம் இல்ல, படிக்கறவங்க மனசுல விழறது. ‘ஆளுமை’ன்னா அதை ஃபான்ட்டோட சொத்தாக்கிடுது, அதான் என் தயக்கம்.

‘வாங்க’ன்னு ஒருத்தர் சொல்றப்போ அது வரவேற்பா எரிச்சலான்னு குரல்லயே தெரியுதில்லையா, அதைத் தொனின்னுதானே சொல்றோம். அதனால என் பரிந்துரை ‘எழுத்துருத் தொனி’. வெறும் ‘தொனி’ன்னு விட்டா எழுத்து நடையோட தொனின்னு நெனச்சுப்பாங்க, முன்னொட்டு கட்டாயம் வேணும். தனித்தமிழ்ல வேணும்னு கேக்கறவங்களுக்காக ‘எழுத்துச் சாயல்’ யோசிச்சேன், ஆனா இட்டாலிக்குக்கு ‘சாய்வெழுத்து’ ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, மென்பொருள் மெனுவுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா யாருக்கும் வித்தியாசம் புரியாது.

“இந்த அறிவிப்போட எழுத்துருத் தொனி ரொம்பக் கடுமையா இருக்கு”, இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, அப்புறம் அதே எடத்துல ‘ஆளுமை’யப் போட்டும் சொல்லிப் பாருங்க. எங்கயாவது இடிச்சா அந்த வாக்கியத்தோடயே எழுதுங்க.