புதுப்பிப்பு: பேக்கப்புக்குக் கடைசியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்தான் வாங்கினேன்

வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப், ஒரு மேக், இரண்டையும் பேக்கப் எடுக்க எஸ்எஸ்டியா (சிப்பில் டேட்டாவைச் சேமிப்பது) ஹார்ட் டிஸ்கா (சுழலும் தட்டில் சேமிப்பது), எத்தனை டிபி (டெராபைட்) என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க், 4 டிபி வாங்கிவிட்டேன். எஸ்எஸ்டி வேகம்தான், ஆனால் பேக்கப் ராத்திரியில் அது பாட்டுக்கு ஓடப்போகிறது, அதற்கு அவ்வளவு காசு தேவையில்லை. தவிர, கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எஸ்எஸ்டியில் டேட்டா அழியக்கூடும் என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி. 3.5 அங்குல டிஸ்குக்குக் கரண்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

விண்டோஸில் 3.63 டிபி என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

அப்புறம் முக்கியமான விஷயம், டிஸ்கை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியில் பிரித்து, ஒரு பகுதியை மேக்கின் ஃபார்மேட்டான ஏபிஎஃப்எஸ் ஆக்கி டைம் மெஷினுக்கு (மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதி) விட்டேன், மற்றதை விண்டோஸில் அதன் ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்தேன். பிரிக்காவிட்டால் டைம் மெஷின் போகப்போக இருக்கிற இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

லேப்டாப்பில் முதலில் செகண்டுக்கு 35 எம்பிதான் வந்தது. வலது பக்க போர்ட் பழைய யூஎஸ்பி 2. இடது பக்கம், உள்ளே நீல நிறப் பட்டை தெரிகிற போர்ட்டில் சொருகியதும் 120ஐத் தாண்டியது.

அடுத்த மாதம் இன்னொரு டிஸ்க் வாங்கி, என்கிரிப்ட் செய்து (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) அக்கா வீட்டில் வைக்கப்போகிறேன்.