டெம்பிள்டன் சுவரைத் தள்ளியது காற்றா, பகட்டா?

செங்கல்சாமி:
ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருக்கும் டெம்பிள்டன் கம்பளத் தொழிற்சாலையை 1984ல் அலுவலகங்களாக மாற்றியதைப் பற்றி நேற்று ஒரு புகழ்மாலை படித்தேன். வெனிஸை ஆண்ட டோஜ்களின் மாளிகையைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் வில்லியம் லைப்பர் வரைந்த முகப்பாம், ஒரு குறையும் இல்லாத கட்டடமாம். கட்டும்போதே, 1889 நவம்பர் 1 அன்று, அந்த முகப்புச் சுவர் நெசவுக்கூடத்தின் மேல் விழுந்து 29 பெண்கள் செத்தார்களே, அது குறையில்லையா? பகட்டுதான் கொன்றது.

கிளைடுக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அன்றைக்கு அடித்தது பலத்த காற்று. காற்று தள்ளிய சுவருக்கு லைப்பரின் அழகுணர்ச்சி என்ன செய்யும்?

செங்கல்சாமி:
அதே காற்று ஊர் முழுக்கத்தானே அடித்தது, இந்தச் சுவர் மட்டும் ஏன் இப்படி விழுந்தது? பின்னால் இருந்த கட்டடத்தோடு அதைச் சரியாகப் பிணைக்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன், பிணைக்கவில்லை.

கிளைடுக்காரன்:
பிணைக்காதது கட்டியவன் தப்பு. நீல மொசைக், சிவப்பு டெரகோட்டா என்ற சுட்ட மண், மேலே வால் பிரிந்த மதில் பற்கள், இதெல்லாம் எந்தப் பெண்ணையும் கொல்லவில்லை. போன மாதம் இங்கே கோதிக் பாணிக் கூர்வளைவு பற்றி நடந்த சண்டையில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போல.

செங்கல்சாமி:
அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். விஷயத்துக்கு வாங்க. பிணைக்கவில்லை, அவ்வளவுதான்.

தறிமகள்:
ஒரு நிமிஷம். கம்பள நிறுவனம் முதலில் கொடுத்த வரைபடங்களை நகராட்சி திரும்பத் திரும்ப நிராகரித்ததாகச் சொல்வார்கள். கிளாஸ்கோ கிரீன் பூங்காவைப் பார்த்தபடி நிற்கும் கட்டடம் என்பதால், மறுக்கவே முடியாத ஒன்றைக் காட்ட லைப்பரைப் பிடித்தார்களாம். அப்படியானால் பகட்டைக் கேட்டது யார்?

செங்கல்சாமி:
அம்மா, நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்! பூங்காவில் நடக்கிறவர்களின் கண்ணுக்காக ஒரு சுவர், அதன் நிழலில் தறி ஓட்டியவர்களுக்குச் சாவு.

தறிமகள்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் வாயில் உங்கள் வசனத்தைத் திணிக்காதீர்கள்.

பின்வரிசை:
அந்தக் கட்டடத்தில் ஜெர்மன் பாணி பீர் காய்ச்சுகிற இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கிளைடுக்காரன்:
பீர் நன்றாகவே இருக்கும், அண்ணே. சாமி மட்டும் உள்ளே போனால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செங்கல்சாமி:
கிண்டல் பண்ணுங்க. விழுந்த பிறகும் அதே வேலையைத் தொடர்ந்து 1892ல் முடித்தார்கள். இன்றைக்கு வாடகைக்கு விடும்போது முன்பக்கப் படத்தைத்தான் காட்டுவார்கள். பின்பக்கம் சாதாரண ஆலைச் சுவர் என்பதைச் சொல்வார்களா?

கிளைடுக்காரன்:
டோஜ் மாளிகையின் பின்பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

செங்கல்சாமி:
பேச்சை மாற்றாதீர்கள். பிணைத்தார்களா, இல்லையா?

கிளைடுக்காரன்:
காற்று அடித்ததா, இல்லையா?

தறிமகள்:
இடிந்ததற்குப் பிறகு எழுப்பிய சுவர் இத்தனை வருஷக் காற்றிலும் நிற்கிறதே, இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லையா?

செங்கல்சாமி:
நிற்கிறது என்றால் இரண்டாம் முறை பிணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அம்மா. வேறென்ன?