நடந்து முடிந்ததற்காகச் செய்த ஜெபம் வீணா?

கேள்வி:
போன மாதம் அப்பா இறந்துவிட்டார். அவர் கடைசி நிலையில் இருக்கிறார் என்று தகவல் வந்ததும் மதுரையில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். "அப்பாவுக்கு நல்ல மரணம் கொடும் ஆண்டவரே" என்று கோவில்பட்டி தாண்டியும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, 4.10 மணிக்கே உயிர் பிரிந்துவிட்டது. நான் ஜெபமாலையைக் கையில் எடுத்ததே நாலரைக்கு மேல். முடிந்துபோன ஒன்றுக்காகவா அவ்வளவு நேரம் மன்றாடினேன்? இராத்திரி தூக்கம் வரவில்லை. காலத்தைப் பற்றி நம் விசுவாசம் என்ன சொல்கிறது?

பதில் 1:
வீணில்லை தம்பி. காலமும் படைக்கப்பட்டதுதான் என்கிறார் ஆதித் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார். உலகைப் படைக்கும் முன் கடவுள் என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு, 'முன்' என்பதே அப்போது இல்லை என்று 'ஒப்புகைகள்' நூலின் 11-ஆம் புத்தகத்தில் பதில் சொல்கிறார். இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் தரும் உவமை இன்னும் எளிது. சாலையில் நடப்பவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரியாது. உயரத்தில் நிற்பவருக்கு முழுச் சாலையும் ஒரே பார்வையில் தெரியும். உங்கள் பஸ்ஸும் அப்பாவின் கட்டிலும் அப்படித்தான் கடவுளின் கண்முன் இருந்தன.

ஒன்று மட்டும். நடந்ததை நடக்காததாக்குவது முரண்பாடு என்றும் அக்குவினாஸ் சொல்கிறார், அதனால் அதைக் கேட்க முடியாது. நீங்கள் கேட்டது அது இல்லையே. அப்பா எப்படிப் போனார் என்று தெரியாமல்தானே கேட்டீர்கள்?

பதில் 2:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). மரித்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காலத்துக்கு வெளியே நிற்கும் கடவுள் என்பது கிரேக்கச் சிந்தனை, வேதத்தில் நித்தியம் என்றால் முடிவில்லாத காலம்தான் என்று இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் 1946-இல் எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆபிரகாமோடு பேசியவர், மூன்றாம் நாள் எழுந்தவர், நம் நாட்களுக்குள் வருகிறவர் அவர். அதனால் உங்கள் ஜெபத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஏசாயா 65:24 வாசித்துப் பாருங்கள்: கூப்பிடும் முன்னே பதில் தருவேன் என்கிறார். நீங்கள் பஸ்ஸில் அழுது கேட்கப்போவது 4.10-க்கு முன்னாலேயே அவருக்குத் தெரியாதா?

கடைசி நேரம் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டவர்:
அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்' என்று ஒரு ஜெபமாலைக்கு ஐம்பது தடவைக்கு மேல் சொல்கிறோம். அந்த இரண்டு வேளையையும் சேர்த்து வைத்திருப்பது இன்றுதான் உறைத்தது.

அம்மா அன்றே சொன்னார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. நாலு மணி வரை மூச்சுக்குத் திணறினாராம். அப்புறம் திணறல் அடங்கி, அம்மா கையைப் பிடித்தபடியே தூங்குவதுபோலப் போனாராம்.