மறு: மறு: மேட்டூர் அணைக் கரையில் 2,000 கன்று நட நிதி

அனைவருக்கும் வணக்கம்.

நம் அணைக்கரையில் மரக்கன்று நட ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டு ஊர்ச் சங்கச் செயலாளர் மாமா போட்ட மடலையும், சின்னக்கா ஊருக்குப் போனபோது எடுத்த படங்களையும் பார்த்தேன். பணம் தரத் தயார். ஆனால் வேம்பும் புங்கையுமாக 2,000 வாங்கித் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக வைப்பது, போன தடவை 600 கன்றைச் சாகடித்த அதே திட்டம். அதைச் சொல்லாமல் பணம் அனுப்ப மனசு வரவில்லை.

மேட்டூர் அணைக்கு நிலையான கரை கிடையாது. 2024 ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. ஜூலை 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் 80 அடி! கோடையில் 'தண்ணீர் பக்கம், ஊற்றச் சுலபம்' என்று வைத்த கன்று, ஆடி முடிவதற்குள் பனைமர ஆழத்தில் போய்விடும். கலங்கல் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது, இலை வேலை செய்யாது. மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்று ஓரிரு நாளில் தீர்ந்து வேர் மூச்சடைக்கும். சின்னக்கா பிடுங்கிக் காட்டிய கன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வேர் கறுத்து, தோல் உறைபோலக் கழன்று, உள்ளே வெள்ளை நரம்பு மட்டும் நிற்கிறது. காய்ந்து செத்த வேர் ஒடியும், இப்படி உரியாது. 'யாரும் தண்ணீர் ஊற்றவில்லை' என்று காவல்காரர்மேல் போட்ட பழி நியாயமில்லை.

முதல் வேலை, அணை நிறையும்போது தண்ணீர் தொடும் 120 அடிக் கோட்டைக் குறிப்பது. அன்றன்றைய நீர்மட்டம் அறிவிக்கிறார்கள். அன்றைக்கு 108 அடி என்றால், தண்ணீர் ஓரத்திலிருந்து டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து 12 அடி உயரம் ஏற்றினால் கோடு கிடைத்துவிடும். 50 அடிக்கு ஒரு கல் ஊன்றிச் சுண்ணாம்பு அடிக்கலாம். மரம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான்.

அடுத்தது மண். நம் கரை முழுக்க ஒரே மண் இல்லை. காற்று நேராக அடிக்கும் மூக்குப் பகுதியில் அலை வண்டலை அரித்துக்கொண்டு போய்ச் சரளையும் கல்லும்தான் மிச்சம். அங்கே தண்ணீர் இறங்கிய இரண்டே வாரத்தில் ஒரு முழ ஆழம்வரை காய்ந்துவிடும். உள்வாங்கிய குடாவில் களிமண் படிந்திருக்கும். அது மாதக்கணக்கில் கீழிருந்து ஈரத்தை மேலே இழுக்கும், பிறகு பாளம் பாளமாக வெடித்து இளம் வேரை அறுத்துவிடும். இரண்டு இடத்துக்கும் ஒரே குழி, ஒரே கன்று என்றால் எப்படிப் பிழைக்கும்?

100 அடிக்கு ஒரு இடத்தில் இரண்டடி ஆழம் தோண்டிப் பாருங்கள். செம்மை, பழுப்பு நிறம் என்றால் காற்றோட்டம் உண்டு. சாம்பல் நிறத்தில் துருப்புள்ளி இருந்தால் வருஷத்தில் சில மாதம் நீர் தேங்கும் இடம். முழுக்கச் சாம்பலாக, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே மரமே வேண்டாம். சம்பும் கோரையும்தான் அதற்கு உரியவை. அவற்றின் தண்டுக்குள் காற்றுக் குழல் உண்டு, இலையிலிருந்து வேருக்கு மூச்சு இறங்கும். மேலே வெள்ளை பூத்திருந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மின்கடத்துத்திறன் (EC) 4 dS/m-க்கு மேல் என்றால் உவர் (உப்பு மண்), கார அமிலத்தன்மை (pH) 8.5-க்கு மேல் என்றால் களர் (சோடிய மண்).

துருப்புள்ளி மண்ணுக்கு நீர்மருது, நாவல், நீர்க்கடம்பு. சரளைக்குப் புங்கை, வேம்பு. வேம்பை ஈரக் களியில் வைத்தால் நிச்சயம் போகும். வெள்ளை பூத்த இடத்தில் கருவேலும் புங்கையும் தாங்கும்.

— கீழத்தெரு, மஸ்கட்

*

தம்பிக்கு,

மண் கதை சரி. கணக்கு எங்கே? 600 கன்றுக்கு ரசீது இருக்கிறது, குழிக்கூலிக்கு இல்லை. இரண்டு வருஷமாக மூன்று மடல் போட்டுவிட்டேன். மேலவீட்டார் ஒருவரும் பதில் எழுதவில்லை. கோயில் கொட்டகைப் பணத்திலும் இதேதான் நடந்தது.

ஒரு கிலோமீட்டர் கரை என்றால் 3,280 அடி. 12 அடிக்கு ஒன்று வைத்தால் வரிசைக்கு 273, மூன்று வரிசைக்கு 820. பட்டுப்போவதற்கு 80 சேர்த்தால் 900. அப்புறம் 2,000 யாருக்கு? நாற்றுக்கும் குழிக்கும் முதலில் பாதிப் பணம். அடுத்த ஜூனில் எண்ணிப் பார்த்து, உயிரோடு நிற்கும் கன்றுக்கு மட்டும் மீதி. ஒவ்வொரு கன்றுக்கும் எண் தகடு. இதற்கு ஒத்துக்கொண்டால்தான் என் பங்கு வரும்.

— பொருளாளர், சிங்கப்பூர்

*

900 போதும் என்றால் அப்படியே ஆகட்டும். ஆனால் தை, மாசியில் பஸ்ஸில் வருகிறவன் கண்ணுக்கு நம் ஊர் மொட்டைத் தரையாகத்தானே தெரியும்? பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிய கோயிலின் நந்தி தலை தெரிந்தால் எங்கிருந்தெல்லாமோ பார்க்க வருகிறார்கள். நம் ஊரில் இறங்க ஒரு நிழல் இல்லை. கோட்டுக்குக் கீழே ஒன்றுமே வைக்கக்கூடாதா? ஓடம் கட்டிய நாவல் மரத்தடியை மறந்துவிட்டீர்களா எல்லோரும்?

— பெரியவீடு, கோலாலம்பூர்

*

பெரியப்பாவுக்கு,

அந்த நாவல் மரம் கோட்டுக்கு மேலே, துருப்புள்ளி மண்ணில் நின்ற மரம். அதனால்தான் அத்தனை வருஷம் நின்றது. அதே இடத்தில் நாவல் வைப்பதை முதல் வேலையாகச் செய்யலாம்.

கோட்டுக்குக் கீழே மொட்டை இல்லை, பெரியப்பா. தண்ணீர் இறங்க இறங்க வண்டலில் உறங்கும் விதை முளைக்கிறது. ஓரச் சேற்றில் கோரை, அடுத்துப் பொன்னாங்கண்ணி, பொடுதலை, இன்னும் காய்ந்த இடத்தில் செருப்படையும் கொட்டைக்கரந்தையும். தண்ணீர் திரும்புவதற்குள் பூத்து விதை போட்டு முடித்துவிடுகிற செடிகள் இவை. நம் ஆட்கள் போடும் கம்பும் எள்ளும் கடலையும் அதே கணக்கில்தான் பிழைக்கின்றன. அங்கே சங்கம் செய்ய வேண்டியது இரண்டுதான். அணை நிறையாத வருஷங்களில் சீமைக்கருவேலங் கன்று தலைகாட்டினால், முழங்கால் உயரத்திலேயே வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்ல வேண்டும். மேலுரம் மிஞ்சினால் அது மூழ்கியதும் தண்ணீரில் கரைந்து பாசிக்குத் தீனியாகிறது. சின்னக்கா சொன்ன பச்சைத் தண்ணீருக்கும் நாற்றத்துக்கும் அது ஒரு காரணம்.

115 அடிக்கும் 120 அடிக்கும் இடையே வெட்டிவேர் ஒரு வரிசை வைக்கலாம். சில வாரம் முழுகினாலும் தாங்கும், அலை அரிப்பைத் தடுக்கும். அரையடிக்கு ஒரு தூர் என்றால் கிலோமீட்டருக்கு 6,560 தூர். மூக்குப் பகுதி 300 அடிக்கு மட்டும் போட்டால் 600 போதும்.

பொருளாளர் அண்ணா, பாதிப் பணம் என்பது சரியான முறை. ஆனால் ஜூனில் எண்ணுவதோடு, பிறகு வரும் நவம்பரிலும் ஒரு தடவை எண்ணுங்கள். கோடைச் சாவையும் நீர் தேங்கிய சாவையும் பிரித்துப் பார்க்க அதுதான் வழி. நடவு ஐப்பசியில். வடகிழக்கு மழை வேரைப் பிடிக்க வைக்கும். சரளையில் இரண்டரை அடிக் குழி, பாதிக்கு வண்டல். களியில் குழியே கூடாது. பொலபொலப்பான மண் போட்ட குழி கிண்ணம் மாதிரித் தண்ணீரைக் கட்டிக்கொள்ளும். ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். கன்று ஐந்தடிக்குக் குறையாமல், பை அடியில் வேர் சுருளாததாக. தை முதல் ஆனி வரை வாரம் ஒரு குடம், 15 லிட்டர்: 820 கன்றுக்கு 12,300 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் இரண்டு நடையும் கொஞ்சமும். போன தடவைத் திட்டத்தில் இந்தச் செலவே இல்லை. ஆட்டுக்கு முள்வேலியும் இல்லை.

நிலம் நீர்வளத்துறை எல்லைக்குள் வருகிறதா என்று எல்லைக்கல்லைப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு நாற்றுக்குச் சொல்லுங்கள். டியூப் மட்டத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகும் செலவை நான் இன்றே அனுப்புகிறேன். ரசீது பொருளாளர் அண்ணன் பெயருக்கே போகட்டும்.

— கீழத்தெரு, மஸ்கட்