இரண்டாம் பாதியில் மாறும் நிஷாதம்: கேம் இசை ரீமிக்ஸுக்குக் கருத்துச் சொன்னதும் கேட்டதும்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பழைய வீடியோ கேம்களின் இசையை நம் ஊர்க் கருவிகளில் ரீமிக்ஸ் செய்வதை ஒன்பது ஆண்டுகளாக ஓய்வு நேர வேலையாக வைத்திருக்கிறேன். மென்பொருளைப் பற்றி நான் கற்றதைவிட, செய்ததை அடுத்தவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதைப் பற்றியும், அடுத்தவர் செய்ததைக் கேட்டுவிட்டு வாய் திறப்பதைப் பற்றியும் கற்றதே அதிகம். அவற்றுள் இரண்டு நிகழ்வுகளை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நான் கருத்துக் கேட்டபோது நடந்தது. கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக 1989இல் வந்த டெட்ரிஸ் விளையாட்டின் இசை பலருக்கும் நினைவிருக்கும். அந்த மெட்டு விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஊர் ஊராகச் சரக்கு சுமந்து விற்கும் வியாபாரிகளைப் பற்றி ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் 1861இல் எழுதிய கவிதையிலிருந்து வந்த, கொரோபெய்னிகி என்னும் ரஷ்ய நாட்டுப்பாடல் அது. அதை நாதஸ்வரமும் தவிலுமாக மாற்ற வேண்டும் என்ற ஆசையில், எல்.எம்.எம்.எஸ். என்னும் இசையமைப்பு மென்பொருளில் ஏறத்தாழ ஒரு மாதம் உட்கார்ந்து முடித்து, நண்பர்கள் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன். "செம", "சூப்பர்", "கலக்கிட்டீங்க" என்று பன்னிரண்டு பேரும் அன்று மாலைக்குள் பதில் அனுப்பிவிட்டார்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் எனக்கே ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது, அது என்னவென்று யாருடைய பதிலிலிருந்தும் தெரியவில்லை.

எங்கள் தெருவில், கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீடியோ கேம் என்றால் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவது என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். தயங்கித் தயங்கி அவரிடம் போய்க் கேட்டேன். என்னுடைய ரீமிக்ஸை அவர் உடனே கேட்கவில்லை. "தம்பி, முதலில் அசலைப் போடு" என்றார். கேம் பாயின் மெல்லிய ஒலியில் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, அதன் பிறகே என்னுடையதைப் போடச் சொன்னார். முடிந்ததும் நல்லதென்றோ கெட்டதென்றோ எதுவும் சொல்லாமல் மூன்று கேள்விகள் கேட்டார்.

"முதல் பாதியில் கைசிகி நிஷாதம். இரண்டாம் பாதியில் காகலி வருகிறது. நீ ஏன் அங்கேயும் கைசிகியையே பிடித்திருக்கிறாய்?" என்பது முதல் கேள்வி. "இந்த நாயனக்காரர் எங்கே மூச்சு வாங்குகிறார்?" என்பது இரண்டாவது. "ஒத்து எங்கே?" என்பது மூன்றாவது. (நிஷாதம் என்னும் 'நி' சுரத்தின் தாழ்ந்த வடிவம் கைசிகி, அதைவிட அரைச் சுரம் உயர்ந்தது காகலி. ஒத்து, ஆதார சுருதியை விடாமல் ஊதும் துணைக் கருவி.)

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து பார்த்தபோது, மூன்றும் திரையில் அப்படியே தெரிந்தன. ஏ மைனர் ஸ்கேல் என்னும் மேற்கத்தியச் சுர வரிசையைக் குறித்துவைத்துக்கொண்டு, குறித்த வரிசைகளுக்குள்ளேயே எல்லாச் சுரங்களையும் நான் அடுக்கியிருந்தேன். முதல் பாதிக்கு அது சரி, ஏனென்றால் அந்தப் பகுதி நம் கணக்கில் நடபைரவி ராகத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாம் பாதியில் மெட்டு ஜி சுரத்தை விட்டு ஜி ஷார்ப்பைத் தொடுகிறது, அதாவது கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதத்துக்கு ஏறுகிறது. மேல் ஷட்ஜத்துக்கு அரைச் சுரம் கீழே நின்று அதை நோக்கி இழுக்கும் அந்த ஏக்கம்தான் அந்தப் பகுதியின் உயிர், நான் அதை ஒரு கட்டம் கீழே இறக்கி அணைத்திருந்தேன். பதினாறு தாளக் கட்டங்களுக்கு இடைவெளியே இல்லாமல் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, மனிதர் எவரும் அப்படி வாசிக்க முடியாது. ஆதார சுருதியைப் பிடித்து நிற்க ஒத்து இல்லாததால், எனக்கு வெறுமையாகக் கேட்ட இடங்களில் எல்லாம் ரிவெர்ப் என்னும் எதிரொலி விளைவைக் கூட்டிக் கூட்டி நிரப்பியிருந்தேன்.

இவற்றைத் திருத்த எனக்கு ஒரே ஒரு மாலை போதுமாக இருந்தது. அந்தப் பெரியவர் அசலை முதலில் கேட்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. ரீமிக்ஸுக்குக் கருத்துச் சொல்வதும் தனிப் பாடலுக்குக் கருத்துச் சொல்வதும் ஒன்றல்ல என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார், மாற்றியதை அறிந்து மாற்றினாரா, கைதவறி மாற்றினாரா என்பதெல்லாம் அசலைக் கேட்காதவருக்குப் பிடிபடாது.

இரண்டாவது நிகழ்வில் தவறு முழுவதும் என்னுடையது. புதுச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர், 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் நீருக்கடியில் ஒலிக்கும் இசையை ரீமிக்ஸ் செய்து எனக்கு அனுப்பினார். அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ அதை மூன்று தட்டு வால்ட்ஸாக அமைத்திருக்கிறார், நம் வழக்கில் சொன்னால் திஸ்ரம். நீருக்குள் கை வீசி மிதக்கும் உணர்வே அந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. தம்பி அதை நான்கு தட்டுக்கு மாற்றி, நடனத்துக்கு ஏற்ற மின்னணு இசையாக்கியிருந்தார்.

நான் ஒரே முறை கேட்டுவிட்டு, பதினொரு குறைகளை எண் போட்டு எழுதி அனுப்பினேன். கிக் என்னும் முரசொலியும் பேஸ் என்னும் தாழ்ந்த சுர வரியும் ஒரே அதிர்வெண்ணில் மோதுகின்றன, உச்ச ஒலி எல்லையைத் தாண்டி உடைகிறது, ரிவெர்ப் அதிகம், எல்லாச் சுரங்களும் ஒரே அழுத்தத்தில் இயந்திரம்போல ஒலிக்கின்றன என்று பட்டியல் நீண்டது. "நன்றி அண்ணா" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஒரு மாலை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். காந்தி சிலை அருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மிகத் தயங்கித்தான் சொன்னார்: "அண்ணா, மூன்றை நான்காக மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்று வாரம் அதற்காகவே செலவழித்தேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் அது கவனிக்கும்படியே இல்லை என்று நினைத்துவிட்டேன்." நான் எழுதிய பதினொன்றும் சரியான குறைகள்தான், இன்றைக்கும் அவற்றை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் உழைத்த இடத்தை நான் காணவே இல்லை. அன்று இரவு கடலூருக்குத் திரும்பும் பேருந்தில் அவருடைய ரீமிக்ஸை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே வந்தேன், எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதிலிருந்து, யாராவது அனுப்பினால் "இதில் எதை முயன்றீர்கள்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்விக்குரிய பதிலை நிமிடமும் விநாடியும் குறிப்பிட்டு முதலில் எழுதுகிறேன். மற்றக் குறைகளில் ஒன்றை, அதிகம் போனால் இரண்டை மட்டும் சேர்க்கிறேன். மீதியை அவர் கேட்டால் சொல்லலாம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறவள். மேலே எழுதிய அண்ணனின் இரண்டாவது நிகழ்வைப் படித்தபோது, எனக்கு மறுபக்கத்தில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் கருத்தைப் பெற்றுக்கொள்ளத் தவறியவள்.

நம்மில் பலர் சிறுவயதில் டிவி கேம் என்று ஆடிய கருவிகள், நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்தவை. அதன் ஒலிச் சில்லில் ஐந்தே தடங்கள் உண்டு: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. முக்கோணத் தடத்துக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது, ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாட்டை மீறாமல் ஒரு ரீமிக்ஸ் செய்ய வேண்டும் என்று விரும்பி, பேஸ் முழுவதையும் முக்கோண அலையிலேயே அமைத்தேன்.

"பேஸ் கேட்கவே இல்லை, ஒலியைக் கூட்டுங்கள்" என்று ஒருவர் எழுதினார். பத்து நிமிடத்துக்குள் நான் நீண்ட மறுப்பு எழுதினேன், அதில் சில்லின் வரலாறு முழுவதும் இருந்தது. அடுத்த நாள் வேறொருவர் அதையே சொன்னார், அவருக்கும் அதே விளக்கத்தை அனுப்பினேன். மூன்றாவதாக என் தங்கையும், ஒலிச் சில்லைப் பற்றி எதுவும் அறியாமல், "அக்கா, கீழே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது" என்றபோதுதான் நிறுத்தி யோசித்தேன். மூவரும் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டிருந்தார்கள். நான் பெரிய ஹெட்போனில் கேட்டிருந்தேன்.

இதற்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது. முக்கோண அலையில், அடிச் சுரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் மேல்சுரங்களில் ஒற்றைப்படையானவை மட்டுமே உண்டு, அவையும் மிக வேகமாகத் தேய்ந்துவிடும்: மூன்றாவது மேல்சுரத்தின் வலிமை அடிச் சுரத்தின் 9இல் ஒரு பங்கு, ஐந்தாவதன் வலிமை 25இல் ஒரு பங்கு. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த அடிச் சுரத்தை ஒலிக்க இயலாது. வேறு கருவியாக இருந்தால் மேல்சுரங்களைக் கொண்டு காது அந்த பேஸை ஊகித்துக்கொள்ளும். இங்கே ஊகிக்கவும் போதுமானது இல்லை. ஆகவே அவர்கள் கேட்டது உண்மை, சொன்ன மருந்துதான் பொருந்தாதது. ஒலியை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அந்த ஸ்பீக்கரில் ஒன்றும் மாறியிருக்காது. பேஸ் வரியை ஓர் ஸ்தாயி மேலே ஏற்றினேன், சில்லின் விதி எதையும் மீறாமலே சரியாகிவிட்டது.

வலி எங்கே என்று கேட்பவர் சொல்லட்டும், மருந்தை நாம் தேடிக்கொள்வோம் என்று அப்போது முடிவு செய்தேன். இன்னொன்றும் செய்கிறேன்: கருத்து வந்தால் மறுநாள் வரை பதில் எழுதுவதில்லை. "படித்துவிட்டேன், நாளை எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடுவேன். என் முதல் மறுப்பைப் பெற்றவர் அதற்குப் பிறகு எனக்கு எதுவும் எழுதவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லும்போது, இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிவிட்டு அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சற்றே உரத்து ஒலிப்பது எதுவாயினும் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றிவிடும், நம் திருத்தம் பலித்ததா என்பது தெரியாமலே போய்விடும்.

கடலூர் முதுநகர்

அண்ணா, அக்கா, நான் இந்த வேலையைத் தொடங்கி ஏழு மாதங்கள்தான் ஆகின்றன. எனக்குக் கிடைத்த கருத்துகளிலேயே அதிகம் பயன்பட்டது என் அம்மா கேட்ட ஒரு கேள்வி. சமையலறையில் வேலையாக இருந்தவரிடம் என் ரீமிக்ஸை ஓடவிட்டேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு எப்போது தொடங்கும்?" என்றார். அப்போது 52 விநாடிகள் ஓடியிருந்தன. கடல் அலை, காற்று, மெல்ல ஏறும் ஒலி என்று அவ்வளவு நேரமும் முன்னுரையே போய்க்கொண்டிருந்தது. அந்த விளையாட்டை ஆடியவர்களுக்கு அடுத்து என்ன மெட்டு வரும் என்று தெரியும், அதற்காகக் காத்திருப்பார்கள். அம்மாவுக்குக் காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. அதை 12 விநாடிகளாகக் குறைத்தேன்.

"நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்பவர்களிடம் மேலும் எப்படிக் கேட்பது என்பதுதான் எனக்கு இப்போதும் தெரியவில்லை. வற்புறுத்தினால் சங்கடப்படுகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

தம்பி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த இடத்தில் கவனம் விலகியது?" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அது உங்கள் வேலையைப் பற்றிய தீர்ப்பாக இல்லாமல் அவர்களுடைய கவனத்தைப் பற்றிய செய்தியாக இருக்கிறது. உங்கள் அம்மா கேட்டதும் அத்தகையதுதான்.

முத்தியால்பேட்டைச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, அந்த மாரியோ ரீமிக்ஸைக் கைப்பேசி ஸ்பீக்கரில் இன்று மீண்டும் கேட்டேன். கிக்கும் பேஸும் மோதுகின்றன என்று நான் எழுதிய குறை அதில் கேட்கவே இல்லை, ஆனால் திஸ்ரம் சதுஸ்ரமானது, அதாவது மூன்று தட்டு நான்கானது, தெளிவாகக் கேட்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முதல் தட்டை இரட்டிப்பாக நீட்டித்தான் அவர் நான்காக்கியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் வரை அது அழகாக நிற்கிறது. மெட்டு மேலே ஏறும் இடத்தில் மட்டும் நீட்டல் கனமாகி, மிதப்பு அறுந்துவிடுகிறது. அங்கே முதல் தட்டுக்குப் பதிலாக மூன்றாவது தட்டை நீட்டிப் பார்க்கலாமா என்று, விநாடியைக் குறிப்பிட்டு, இந்த ஒன்றை மட்டும் சற்று முன்பு அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். மிகவும் தாமதமாகச் சொல்கிறேன் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.